வேலூரிலிருந்து என்.பி.ஏ. நேரலை: ஏரியா, கடிகாரம், தொட்டி

எங்கள் பக்கம் சாயங்காலத்தில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆடி முடித்து டீக்கடைக்கு வந்து நின்றால் பேச்சு நேரே அமெரிக்காவுக்குப் போய்விடும். அங்கே நடக்கும் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் லேக்கர்ஸ் அணி ஏன் தோற்றது, வாரியர்ஸ் இந்த வருஷம் தேறுமா என்று நாள்கணக்கில் வாதம் நடக்கும். ஆனால் ஒரு ஆட்டத்தையாவது முழுசாக நேரலையில் பார்த்தவர் அவர்களில் ஒருவரும் இல்லை. எல்லாம் ஹைலைட்ஸ் ஞானம்தான்.

ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம். "இந்தியாவுல அதைக் காட்டக்கூடாதுண்ணா, தடை." "வி.பி.என். போட்டாத்தான் வரும்." "யூடியூப்லயே லைவ் போகுதேண்ணா, நான் பார்த்திருக்கேன்." இந்த மூன்றாவது ஆள் பார்த்தது வீடியோ கேம். ஆட்டக்காரர்களின் முகம் அச்சு அசலாக இருக்கும், மேலே "லைவ்" என்று சிவப்பு எழுத்தும் இருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கைதட்டியவர்கள் உண்டு. தடை என்பதும் தப்பு, வி.பி.என். என்பதும் தப்பு. உண்மையில் விஷயம் கஷ்டமானதே இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சினிமாக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும்.

படப்பெட்டி எந்த ஏரியாவுக்கு?

தமிழ் சினிமா வியாபாரத்தில் "என்.எஸ்.சி." என்று ஒரு ஏரியா உண்டு. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2019-இல் வேலூரும் மூன்று துண்டானது. ஆனாலும் சினிமாக்காரர் கணக்கில் நாம் இன்னும் வட ஆற்காடுதான். தயாரிப்பாளர் பொதுவாகப் படத்தை மொத்தமாக ஒருவருக்கே விற்பதில்லை. இந்த ஏரியாவில், இத்தனை காலம் திரையிடும் உரிமையைத்தான் விற்கிறார். கோவை ஏரியாவை வாங்கியவர் காட்பாடியில் படம் போட முடியாது. படம் ஒன்றுதான், ஆனால் ஏரியாவுக்கு ஏரியா முதலாளி வேறு.

கூடைப்பந்து ஆட்டமும் அப்படியே. ஆட்டம் நடப்பது ஒரே அரங்கில். அந்த ஆட்டத்தின் படத்தை இன்ன ஏரியாவில், இன்ன காலத்துக்குக் காட்டலாம் என்று காசு கொடுத்து வாங்கும் அனுமதிக்குப் பெயர் ஒளிபரப்பு உரிமை. இந்த ஒரு சொல் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

என்.பி.ஏ.வில் 30 அணிகள். வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள், அதில் 41 சொந்த ஊரில், 41 வெளியூரில். மொத்தம் 1,230 ஆட்டங்கள். (30-ஐ 82-ஆல் பெருக்கி 2,460 என்று சண்டைக்கு வராதீர்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணி, அதனால் பாதி.) இவ்வளவு சரக்கையும் அவர்கள் அடுக்கடுக்காக விற்கிறார்கள்.

மேல் அடுக்கு, அமெரிக்கா முழுவதற்குமானது. அணிகள் ஒன்றாகச் சேர்ந்து உரிமையை மொத்தமாக விற்கலாம் என்று அங்கே 1961-இல் சட்டமே போட்டார்கள். அதன்படி லீக் பேசிய இப்போதைய ஒப்பந்தம் 2025-26 பருவத்தில் தொடங்கியது: டிஸ்னி, என்.பி.சி., அமேசான் என்று மூன்று பேர், 11 ஆண்டுகள், சுமார் 7,600 கோடி டாலர். ரூபாய்க்கு மாற்றிப் பார்த்துத் தலைசுற்ற வேண்டாம்.

அடுத்த அடுக்கு உள்ளூர். மேல் அடுக்குக்குப் போகாத ஆட்டங்களை அந்தந்த அணி தன் வட்டாரத்துச் சேனலுக்குக் கொடுக்கும். லேக்கர்ஸ் ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஸ்பெக்ட்ரம் ஸ்போர்ட்ஸ்நெட்டில் வரும், நிக்ஸ் ஆட்டம் நியூயார்க்கில் எம்.எஸ்.ஜி. சேனலில் வரும். கடைசி அடுக்கு வெளிநாடு. அதை லீக் தானே நாடு நாடாக விற்கும். நாம் இருப்பது இந்த அடுக்கில்.

ஆகவே "லேக்கர்ஸ் மேட்ச் எந்தச் சேனல்ல வரும்?" என்ற கேள்வியே வழி தப்பியது. அதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ்காரருக்கு எழுதியது. நாம் கேட்க வேண்டியது, "இந்தியா ஏரியாவை இந்த வருஷம் யார் எடுத்திருக்கிறார்கள்?" என்பதுதான். புளியமரக் குத்தகை மாதிரி இது கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் சோனி சிக்ஸ் சேனலில் விடியற்காலையில் வந்தது. பிறகு வயாகாம்18 நிறுவனத்தின் கைக்குப் போனது. போன வருஷம் நண்பர் சொன்ன சேனலில் இந்த வருஷம் வராமல் போனால் அதில் சதி ஒன்றும் இல்லை, குத்தகை முடிந்திருக்கும். அக்டோபரில் பருவம் தொடங்குமுன் என்.பி.ஏ.வின் சொந்தச் செயலியையோ இணையதளத்தையோ ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

"கிரிக்கெட் உலகக் கோப்பை மட்டும் தூர்தர்ஷனில் சும்மா வருகிறதே?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 2007-இல் நம் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பை, உரிமை வாங்கிய தனியார், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். ஒலிம்பிக்ஸ் அந்தப் பட்டியலில் உண்டு. வட அமெரிக்க ஊர்கள் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் லீக் அதில் இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தடை எதுவும் கிடையாது. ஏரியாவுக்கு ஏரியா உரிமை விற்கப்படுகிறது. நம் ஏரியாவுக்கு யார் என்று பார்த்தால் வழி தெரியும்.

லீக் பாஸும் இருட்டடிப்பும்

சேனல்காரர் தினமும் ஓரிரு ஆட்டம்தான் காட்டுவார். அதுவும் புகழ்பெற்ற அணிகளாகப் பார்த்து. ஷார்லட் ஹார்னெட்ஸ்தான் என் அணி என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால் (இருக்கிறார், காரணம் கேட்டால் சட்டையின் நிறம் என்கிறார்) அவருக்குச் சேனல் உதவாது. அவரைப் போன்றவர்களுக்காக லீக்கே நடத்தும் கடைதான் லீக் பாஸ். சந்தா கட்டினால் செல்போனிலோ டி.வி.யிலோ ஆட்டங்களைப் பார்க்கலாம். எல்லா அணிக்கும் சேர்த்து ஒரு சந்தா, ஒரே அணிக்கு மட்டும் குறைந்த விலையில் இன்னொன்று. விலை நாட்டுக்கு நாடு வேறு, வருஷத்துக்கு வருஷம் மாறும். அமெரிக்க விலையைப் பார்த்து மலைத்துவிட்டு விலகியவர்கள் இந்திய விலையையும் ஒருமுறை பார்க்கலாம்.

இங்கேதான் ஒரு சொல் பயமுறுத்தும்: இருட்டடிப்பு. சந்தா கட்டியிருந்தும் சில ஆட்டங்கள் உங்கள் திரையில் வராமல் மறைக்கப்படுவது. காரணம் மேலே சொன்ன ஏரியாக் கணக்குதான். லாஸ் ஏஞ்சலஸில் லேக்கர்ஸ் ஆட்டத்தை உள்ளூர்ச் சேனல் பெருங்காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. அதே ஆட்டத்தை லீக் பாஸும் அதே தெருவில் காட்டினால் சேனல்காரர் சும்மா இருப்பாரா? அதனால் அந்த வட்டாரத்துச் சந்தாதாரருக்கு லேக்கர்ஸ் ஆட்டம் அன்று லீக் பாஸில் கிடையாது. அமெரிக்கா முழுவதும் தேசியச் சேனலில் வரும் ஆட்டங்களும் அங்கே அப்படியே மறையும்.

அமெரிக்க ரசிகர்கள் இதைத் திட்டி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு நம் பையன்களும் "லீக் பாஸ் வேஸ்ட்டுண்ணா" என்கிறார்கள். வேலூர் சத்துவாச்சாரி எந்த அமெரிக்க அணியின் உள்ளூர் வட்டாரத்திலும் இல்லையப்பா! ஸ்டேப்பிள்ஸ் சென்டர் என்று முன்பு பெயர் இருந்த லேக்கர்ஸ் அரங்கத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர் லீக் பாஸில் பார்க்க முடியாத ஆட்டத்தை, பாலாற்றங்கரையில் இருப்பவர் பார்க்க வாய்ப்பு அதிகம். இந்திய உரிமைக்காரர் எதையாவது தனக்கு மட்டும் என்று எழுதி வாங்கியிருந்தால் அதில் மாற்றம் வரலாம். பணம் கட்டும் பக்கத்திலேயே அந்த விவரம் இருக்கும், கட்டுமுன் படித்துவிடுங்கள்.

வி.பி.என். கதையும் இங்கேதான் வருகிறது. வி.பி.என். என்பது உங்கள் செல்போன் வேறு ஊரில் இருப்பதுபோலக் காட்டும் ஒரு சுற்றுவழி. கோவை ஏரியாக்காரன் என்று சொல்லிக்கொண்டு வேறு பெட்டியைத் தூக்கி வருவது மாதிரி. சந்தா விதிகளுக்கு அது ஒத்துவராது. அதைவிட வேடிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் என்று ஊரை மாற்றி வைத்தால் இல்லாத இருட்டடிப்பை நாமே காசு கொடுத்து வரவழைத்துக்கொள்கிறோம். படமும் சுற்றுவழியில் வருவதால் மெதுவாகும்.

கடிகாரம் என்னும் வில்லன்

என்னைக் கேட்டால் உரிமை, சந்தா எல்லாம் சின்னத் தடை. பெரிய தடை கடிகாரம்.

அமெரிக்காவுக்குள்ளேயே பல நேரங்கள் உண்டு. கிழக்குக் கரையில் பாஸ்டன், நியூயார்க், மயாமி ஒரு நேரம். மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ அதற்கு மூன்று மணி நேரம் பின்னால். நடுவில் சிகாகோ, டாலஸ், டென்வர் எல்லாம் இடைப்பட்ட நேரங்கள். ஆட்டங்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர் இரவு ஏழு, ஏழரைக்குத் தொடங்கும். பனிக்காலத்தில் பாஸ்டன் இரவு 7:30 என்றால் வேலூரில் மறுநாள் காலை 6:00. லாஸ் ஏஞ்சலஸ் இரவு 7:30 என்றால் நமக்கு மறுநாள் காலை 9:00.

மறுநாள் என்பதைக் கவனியுங்கள். அட்டவணையில் வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்தால் நமக்கு அது சனிக்கிழமைக் காலை. வெள்ளிக்கிழமைக் காலையில் அலாரம் வைத்து எழுந்து, வெறும் திரையைப் பார்த்துவிட்டுக் கோலம் போடுகிறவர்களுக்கு வாளி எடுத்துக் கொடுத்த ஆள் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்.

அப்புறம் இன்னொரு சிக்கல். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி திருப்பி வைப்பார்கள். கோடைநேர மாற்றம் என்று இதற்குப் பெயர். நம் கடிகாரம் அசையாது. ஆகவே பருவம் தொடங்கும் அக்டோபரில் பாஸ்டன் ஆட்டம் நமக்குக் காலை 5:00. நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு 6:00. மார்ச் பாதியில் மறுபடி 5:00, அப்படியே ஜூனில் இறுதிப்போட்டி முடியும்வரை. இது தெரியாத காலத்தில் ஒரு மார்ச் மாதம் வழக்கம்போல ஐந்தே முக்காலுக்கு எழுந்து, காபி போட்டு, சாவகாசமாகத் திரையைத் திறந்தேன். இரண்டாம் கால்பகுதி முடியப்போகிறது. ஆட்டமே தப்பாகத் தொடங்கிவிட்டது என்று கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருந்தேன். (பீனிக்ஸ் இருக்கும் அரிசோனா மாநிலத்தின் பெரும்பகுதி இந்தக் கடிகார விளையாட்டில் சேராது. அந்த ஊர் அணியான சன்ஸின் ரசிகர்கள் தனிக் கணக்குப் போட வேண்டும்.)

சுலபமான வழி, செயலியில் நேரத்தை இந்திய நேரமாக வைத்துக்கொள்வது. மனக்கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

இதிலிருந்து நான் சொல்லும் யோசனை, கேட்டால் ரசிகர்கள் அடிக்க வருவார்கள்: இன்னும் அணியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் கடிகாரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எட்டரைக்குக் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்குக் கிழக்குக் கரை அணிதான் சரி. ஆட்ட நேரம் கடிகாரப்படி 48 நிமிஷம், ஆனால் இடைவேளை, தவறுகள், டைம் அவுட் எல்லாம் சேர்ந்து இரண்டேகால் மணி நேரத்துக்குக் குறையாது. ஆறுக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்கு எழலாம். மேற்குக் கரை அணியை விரும்புகிறவர் இரவு வேலைக்காரராகவோ, மதியம் கடை திறப்பவராகவோ இருந்தால் நல்லது. வெளியூர் ஆட்டங்களுக்கு இந்தக் கணக்கு மாறும் என்றாலும் பாதி ஆட்டம் கைவசம்.

"லைவ்" எத்தனை விநாடி பழசு?

இது பலருக்கும் வியப்பாக இருக்கும். நேரலை என்று நாம் பார்ப்பது சில விநாடிகள் பழையது. கிரிக்கெட்டில் இது நமக்குப் பழக்கம்தான். பக்கத்து வீட்டில் கேபிள், நம் கையில் செல்போன். அங்கே "ஓ...!" என்று கத்தல் கேட்கும், இங்கே பவுலர் இன்னும் ஓடிவந்துகொண்டிருப்பார்.

தூரம்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது இல்லை. கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கடலடிக் கம்பி சுற்றி வளைத்து 20,000 கிலோமீட்டர் போனால்கூடப் பத்தில் ஒரு விநாடிதான். மிச்சத் தாமதம் வழியில் வருவதல்ல, இரு முனைகளிலும் நடக்கும் வேலையால் வருவது.

நம் ஊர்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் மணல்தான், குழாயில் என்றைக்கோ ஒருநாள்தான் தண்ணீர். வரும்போது குடம் குடமாகப் பிடிக்கிறோம், தொட்டியை நிரப்புகிறோம், பிறகு தொட்டியிலிருந்து நிதானமாகப் புழங்குகிறோம். நாம் இப்போது முகம் கழுவும் தண்ணீர் இப்போது குழாயில் வருவது அல்ல.

இணையத்தில் படமும் அப்படித்தான் வருகிறது. கேமராவிலிருந்து வரும் படம் மிகப் பெரியது. அதை முதலில் சுருக்குவார்கள். பிறகு சில விநாடி நீளத் துண்டுகளாக வெட்டுவார்கள், பொதுவாக ஆறு விநாடி. இவைதான் குடங்கள். ஆறு விநாடிக் குடம் நிரம்பி முடியாமல் அனுப்ப முடியாது, அங்கேயே ஆறு விநாடி போயிற்று. பால் பண்ணைக்கே எல்லோரும் போகாமல் தெருமுனை ஆவின் பூத்தில் வாங்குவதுபோல, துண்டுகள் உலகமெங்கும் உள்ள சேமிப்புக் கணினிகளுக்குப் போய், நமக்குப் பக்கத்தில் உள்ளதிலிருந்து வருகின்றன. கடைசியாக நம் செல்போன் இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் படத்தை ஓட்டத் தொடங்கும். இந்தச் சேமிப்புக்கு பஃபர் என்று பெயர், நம் மாடித் தொட்டி. தொட்டியில் கொஞ்சம் இருந்தால்தான் இணையம் விட்டுவிட்டு வந்தாலும் படம் நிற்காது. தொட்டி காலியானால் திரையில் வட்டம் சுற்றும்.

எல்லாம் கூட்டினால் அரை நிமிஷம்வரை பின்தங்குவது சாதாரணம். கூடைப்பந்தில் ஒரு அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதனால் நாம் பார்ப்பது ஏறக்குறைய ஒரு முழு முயற்சி பழையது.

நடைமுறையில் இதனால் நட்டம் ஒன்றே ஒன்று. ஸ்கோர் அறிவிப்புகள் வெறும் எழுத்து. அவற்றுக்குக் குடமும் இல்லை, தொட்டியும் இல்லை. கடைசி விநாடி எறிதல் காற்றில் இருக்கும்போதே மேலே "ஒரு புள்ளியில் வெற்றி" என்று வந்து நிற்கும். ஆட்டம் பார்க்கும்போது அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். குழு அரட்டையையும்.

சுருக்கமாக: தாமதம் தூரத்தால் வருவதில்லை, வெட்டிச் சேர்த்து வைப்பதால் வருகிறது. படம் தடங்காமல் ஓடுவதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

டேட்டா கணக்கு

நல்ல தெளிவான படத்துக்கு விநாடிக்கு 3 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 1.35 ஜி.பி., இரண்டேகால் மணி ஆட்டத்துக்கு 3 ஜி.பி. தினம் ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜில் முதல் பாதியோடு கதை முடியும். வீட்டில் பிராட்பேண்ட் இல்லாதவர்கள் படத்தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம், சின்னத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

திருட்டு ஸ்ட்ரீம்

எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழி இது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஒளிபரப்பு செய்கிறவருக்குத் தனி உரிமை தருகிறது. அனுமதியில்லாமல் அதை மறு ஒளிபரப்புவது குற்றம். சட்டத்தை விடுங்கள், பார்வையாளனாகவே இது மோசமான பேரம். யாரோ ஒருவர் முறையான படத்தை எடுத்து மறுபடி சுருக்கி, மறுபடி துண்டாக்கி அனுப்புகிறார். ஆகவே தாமதத்தின் மேல் தாமதம். நாலாம் கால்பகுதியில் இணைப்பு அறுந்துபோகும். நடுநடுவே சூதாட்ட விளம்பரம் குதிக்கும், பொத்தான் மாதிரி வேஷம் போட்ட எதையாவது அழுத்தினால் செல்போனுக்கு வியாதி. பொடியன்கள் கையில் இருக்கும் போனில் அது வேண்டாம்.

எழுந்திருக்க முடியாதவர்களுக்கு

82 ஆட்டத்தையும் நேரலையில் பார்க்கும் ஆள் அமெரிக்காவிலேயே குறைவு. லீக் பாஸில் முடிந்த ஆட்டத்தை முழுசாகப் பிறகு பார்க்கலாம், சுருக்கிய வடிவமும் உண்டு. செயலியில் ஸ்கோரை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, சாயங்காலம் வரை டீக்கடைப் பக்கம் போகாமல் இருந்தால் இரவு எட்டு மணிக்கும் உங்களுக்கு அது நேரலைதான். காசே வேண்டாம் என்றால் என்.பி.ஏ.வின் யூடியூப் சேனலில் ஹைலைட்ஸ் இலவசம்.

நமக்கு வசதியான நேரத்தில் நேரலை வேண்டும் என்றால் வார இறுதிப் பகல் ஆட்டங்களைத் தேடுங்கள். பனிக்காலத்தில் கிழக்குக் கரையில் பகல் ஒரு மணி என்றால் நமக்கு அதே நாள் இரவு 11:30. எல்லாவற்றிலும் நல்லது கிறிஸ்துமஸ். அன்றைக்கு ஆடும் வழக்கம் 1947-இலிருந்து இருக்கிறது. இப்போதெல்லாம் ஐந்து ஆட்டங்கள், முதலாவது வழக்கமாக அங்கே நண்பகலுக்கு. டிசம்பர் 25 இரவு பத்தரை, ஊரெல்லாம் விழித்திருக்கும் நேரம். எங்கள் பையன்கள் இந்த முறை யார் வீட்டு டி.வி. என்று முடிவு பண்ணிவிட்டார்கள். ஆம்பூரிலிருந்து பிரியாணி யார் வாங்கி வருவது என்பதில்தான் இன்னும் இழுபறி.